நடுராத்திரியில் வரும் மரணபயம்: விசுவாசி என்ன செய்யலாம்?

கேள்வி (சுருக்கம்): எனக்கு வயது 36. அப்பா தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். எட்டு மாதம் ஆகிறது. அதிலிருந்து நடுராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்துவிடுகிறேன். விரல்கள் மரத்துப்போகின்றன, மூச்சு முட்டுகிறது, இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மாடிப்படி ஏறப் பயம், தனியாகப் படுக்கப் பயம். கணவரை எழுப்பி எழுப்பிக் கேட்கிறேன். சபையில், "இது பயத்தின் ஆவி. விசுவாசம் இருந்தால் பயம் வராது. மாத்திரை போட்டால் கர்த்தரை நம்பவில்லை என்று அர்த்தம்" என்கிறார்கள். 91-ஆம் சங்கீதத்தை இரவெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன், பயம் கூடத்தான் செய்கிறது. என் விசுவாசம் பொய்யா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் விசுவாசம் பொய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தச் சந்தேகம்தான் உங்கள் இரவுகளை இரண்டு மடங்கு பாரமாக்குகிறது. நெஞ்சு படபடப்பது ஒரு பயம். "இப்படிப் பயப்படுகிறேனே, நான் கர்த்தருடைய பிள்ளைதானா" என்பது அதன்மேல் ஏறி உட்கார்ந்த இன்னொரு பயம். முதலாவது உங்கள் உடம்பிலிருந்து வருகிறது. இரண்டாவதை, நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், மனிதர்கள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதை இறக்கிவைத்த பிறகுதான் முதலாவதைச் சரிசெய்ய வழி பிறக்கும்.

தாவீதை எடுத்துக்கொள்ளுங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3). அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள்: பெலிஸ்தர் அவனைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது. காத் என்பது கோலியாத்தின் சொந்த ஊர். கோலியாத்தைக் கொன்றவன் அந்த ஊரிலேயே போய் மாட்டிக்கொண்டு, ராஜாவுக்கு "மிகவும் பயப்பட்டு", தாடியில் நுரை ஒழுகப் பைத்தியக்காரனைப்போல நடித்துத் தப்பினான் என்று 1 சாமுவேல் 21 சொல்கிறது. வேதம் இதை மறைக்கவில்லை. அவன் நம்பிக்கை பயத்துக்கு நடுவிலே, அதே நாளிலே நடக்கிறது. அடுத்த வசனத்தில்தான் "நான் பயப்படேன்" என்று வருகிறான். முதலில் பயம், அதற்குள்ளே நம்புவது, அதன் பிறகு பயம் அடங்குவது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பயம் போனால்தான் விசுவாசம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவரே "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு 14:33 சொல்கிறது. பாவமில்லாதவருக்கு அந்தத் திகில் வந்தது. ஆகவே திகில் வருவது தன்னில்தானே பாவமாக இருக்க முடியாது. அப்போது அவர் செய்தவற்றையும் கவனியுங்கள்: மூன்று பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், மனதில் இருப்பதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார், முகங்குப்புற விழுந்து, ஒரே வார்த்தைகளைத் திரும்பவும் சொல்லி ஜெபித்தார். உங்கள் இரவுக்கு இதில் வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அதற்குமுன், உங்கள்மேல் எறியப்படுகிற சில வசனங்களை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். இடம் மாறினால் நல்ல வசனமும் காயப்படுத்தும்.

"தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" (2 தீமோத்தேயு 1:7). சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார். வாங்கிப் படிக்கிறவர் ஊழியத்தில் பின்வாங்கக்கூடிய இளைஞர். அடுத்த வசனமே, கர்த்தரைப்பற்றிய சாட்சியைக்குறித்து வெட்கப்படாதே என்பது. சுவிசேஷத்துக்காகத் தலைநிமிர்ந்து நிற்கும் துணிச்சலைப் பற்றிய பேச்சு அது. இரவு ஒரு மணிக்கு நெஞ்சு படபடப்பவரிடம் பேய் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு எழுதப்பட்டது இல்லை. அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்கு முந்தைய நிருபத்தில், "உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" என்கிறார் (1 தீமோத்தேயு 5:23). அந்தக் காலத்தில் அது கைமருந்து. வயிற்றுவலியின் ஆவியைக் கட்டச் சொல்லவில்லை, மருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்பது 1 யோவான் 4:18. அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசித்தால் எந்தப் பயம் என்பது தெரியும்: நியாயத்தீர்ப்பு நாளில் தேவனுக்கு முன்னால் நிற்கும் பயம். கிறிஸ்துவின் அன்பை அறிந்தவர் தண்டனைக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. உங்கள் நாடித்துடிப்பை வைத்து உங்கள் அன்பை அளக்கும் கருவியாக யோவான் அதை எழுதவில்லை.

மிக அதிகக் கொடுமை செய்வது யோபு 3:25: "நான் பயந்த காரியம் எனக்கு நேரிட்டது." இதை வைத்து, "பயந்தால் பயந்தது நடந்துவிடும், சாத்தானுக்குக் கதவு திறந்துவிடுவாய்" என்று பிரசங்கிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு இதைவிடக் கடினமான சுமை வேறு இல்லை. பயத்தையே பார்த்துப் பயப்பட வைக்கிறது. யோபுக்கு ஏன் துன்பம் வந்தது என்பதை முதல் இரண்டு அதிகாரங்கள் விவரமாகச் சொல்கின்றன. அவன் பயந்ததால் வந்தது என்று எங்கும் இல்லை. இருபத்தைந்தாம் வசனம் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பனின் அழுகை. அவனுடைய துன்பத்துக்கு அவன்மேலேயே காரணம் தேடிய நண்பர்களைத்தான் கர்த்தர் கடைசியில் கடிந்துகொண்டார் (42:7).

வெளிப்படுத்தல் 21:8-இல் அக்கினிக்கடலில் பங்கடைகிறவர்களின் பட்டியல் "பயப்படுகிறவர்களும்" என்று தொடங்குவது உங்களைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அந்தப் புத்தகம் உபத்திரவத்தில் இருந்த சபைகளுக்கு எழுதப்பட்டது. உயிருக்குப் பயந்து கிறிஸ்துவை மறுதலித்து மிருகத்தை வணங்குவதுதான் அங்கே பேச்சு. பயந்துகொண்டே அவரைக் கூப்பிடுகிற நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்று: வேதத்தில் "பயப்படாதே" என்பது நாளுக்கொன்றாக 365 முறை இருக்கிறது என்று மேடைகளில் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இல்லை. எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த வார்த்தையோடு பெரும்பாலும் ஒரு காரணமும் சேர்ந்தே வருவது. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" (ஏசாயா 41:10). அழுகிற குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா "பயப்படாதே" என்று சொல்வதைக் கண்டிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இனி 91-ஆம் சங்கீதம். நம் வீடுகளில் படுக்கப் போகும்போது சொல்கிற சங்கீதம் அது, நல்ல பழக்கம். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது: இரவெல்லாம் சொல்கிறீர்கள், பயம் கூடுகிறது. ஏன் என்று யோசித்தீர்களா? "சொல்லி முடித்ததும் படபடப்பு நிற்க வேண்டும்" என்ற எதிர்பார்ப்போடு சொல்கிறீர்கள். ஒரு முறை சொல்லிவிட்டு நெஞ்சைக் கவனிக்கிறீர்கள், நிற்கவில்லை, சரியாகச் சொல்லவில்லையோ என்று மறுபடியும் சொல்கிறீர்கள். இப்படி ஒவ்வொரு முறையும் மனம் உடம்பைச் சோதித்துப் பார்க்கிறது, உடம்போ "ஆபத்து இன்னும் இருக்கிறது போல" என்று புரிந்துகொள்கிறது. ஜெபம் ஆண்டவரோடு பேசுவதாக இல்லாமல் காவல்மந்திரமாக மாறும் இடம் இது. ஆண்டவரைச் சோதித்தபோது சாத்தான் அவரிடம் எடுத்துக்காட்டியது இதே சங்கீதத்தைத்தான் (மத்தேயு 4:6). அதைச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று உத்தரவாதமாகப் பயன்படுத்த அவர் மறுத்தார். அதன் பதினைந்தாம் வசனம் தருகிற வாக்கு: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்து என்று ஒன்று வரும் என்பதை அது ஒத்துக்கொண்டுதான் பேசுகிறது. ஆகவே இனிமேல் படுக்கும்முன் ஒரு முறை, நிதானமாக, வாய்விட்டு வாசியுங்கள். அவ்வளவு போதும். தலையணைக்கடியில் வேதாகமத்தை வைப்பதும் இப்படித்தான். வைக்காத இரவில் நடுக்கம் வருகிறது என்றால் அதை எடுத்து மேசைமேல் வைத்துவிடுங்கள்.

இனி உடம்புக்கு வருவோம். உங்களுக்கு வருவதை மருத்துவர்கள் பேனிக் அட்டாக் என்கிறார்கள், தமிழில் பீதித் தாக்குதல். தூக்கத்திலிருந்து எழுப்பும் வகையும் உண்டு. கெட்ட கனவு எதுவும் இல்லாமலே வரும். உண்மையான ஆபத்து வந்தால் ஓடுவதற்காகத் தேவன் நமக்குள் வைத்திருக்கிற எச்சரிக்கை அமைப்பு, ஆபத்து இல்லாதபோது தவறாக அடிப்பதுதான் இது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும், தலைசுற்றலும், எவ்வளவு இழுத்தாலும் காற்று போதவில்லை என்ற உணர்வும் அதனால் வருபவை. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அப்பா தூக்கத்தில் போனதால் உங்கள் உடம்பு தூக்கத்தையே ஆபத்தான இடம் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொண்டதை மாற்றிக் கற்கவும் அதற்கு முடியும்.

ஒரு எச்சரிக்கை. பரிசோதனைகள் சரியாக இருந்தன என்பதற்காக எல்லா நெஞ்சுவலியையும் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. நெஞ்சை அழுத்திப் பிசைவதுபோல் வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, நடக்கும்போது வந்து உட்கார்ந்தால் குறையும் வலி, மயக்கம், வழக்கமாக வருவதிலிருந்து வேறுபட்ட எதுவானாலும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெண்களுக்கு வலி பெரிதாக இல்லாமல் மூச்சிரைப்பும் குமட்டலுமாகவும் மாரடைப்பு வரலாம். அப்பாவுக்கு இதயநோய் இருந்ததால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள். அது புத்தியான கவனம். தினமும் மூன்று வேளை ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்ப்பது பயத்துக்குத் தீனி. அந்தக் கருவியைக் கணவரிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

நடுராத்திரி அலை வந்ததும் செய்ய வேண்டியது இது. எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்காருங்கள், இரண்டு பாதங்களும் தரையில் பதியட்டும். சிறிய விளக்கு ஒன்று போதும். வாய்விட்டு ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: "கர்த்தாவே, பயமாக இருக்கிறது. இது வழக்கமான அலைதான், இறங்கிவிடும். நீர் இங்கே இருக்கிறீர்." முதல் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "பயமில்லை, பயமில்லை" என்று அவரிடமே பொய் சொல்லத் தேவையில்லை.

பிறகு மூச்சு. மூக்கின் வழியாக நான்கு எண்ணும் நேரம் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். எண்களுக்குப் பதிலாக வசனத்தையே வைத்துக்கொள்ளலாம்: இழுக்கும்போது மனதுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்தால் முப்பது. இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, பயத்தில் பெரிய பெரிய மூச்சாக இழுப்பது; அது கரியமில வாயுவை இன்னும் குறைத்து மரமரப்பைக் கூட்டும். இழுப்பது சிறியதாக, வயிறு லேசாக உயரும் அளவுக்கு இருக்கட்டும். விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். இன்னொன்று, மூச்சுப் பயிற்சியையும் "இது நிற்கிறதா" என்று சோதித்துக்கொண்டே செய்வது. அலை நிற்கட்டும், நிற்காமல் போகட்டும், நீங்கள் செய்துகொண்டிருக்கிற வேலை அவரோடு உட்கார்ந்திருப்பது. இந்த மூச்சை நடுராத்திரியில் முதன்முதலாகச் செய்யாதீர்கள். பகலில் அமைதியாக இருக்கும்போது காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் பழகுங்கள். இரண்டு வாரம் பழகினால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

தணிந்ததும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறையில் உட்கார்ந்து, அச்சுப் புத்தகத்தில் சுவிசேஷப் பகுதி ஏதாவது வாசியுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கைப்பேசியை எடுக்காதீர்கள். முக்கியமாக, கடைசிக்காலம், திடீர் மரணம் பற்றிய பிரசங்க வீடியோக்கள் இரவில் வேண்டாம். கண் சொக்கியதும் திரும்பிப் படுங்கள். எவ்வளவு மோசமான இரவாக இருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு காபி, டீ கூடாது.

கணவரோடு பகலில் பேசி ஒரு உடன்பாடு செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுப்பினால் அவர் சொல்ல வேண்டியது ஒரே வரி: "நான் பக்கத்தில் இருக்கிறேன்." பிறகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று நீங்கள் இருபது முறை கேட்பதும் அவர் இருபது முறை "ஆகாது" என்பதும், 91-ஆம் சங்கீதத்தை இருபது முறை சொல்வதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அந்த நிமிடத்துக்கு ஆறுதல் தரும், அடுத்த நிமிடம் மறுபடியும் கேட்க வைக்கும். போதகரை நள்ளிரவில் போனில் அழைப்பதும் அப்படித்தான். ஆண்டவர் சீஷர்களிடம் கேட்டது உத்தரவாதம் அல்ல, கூட விழித்திருப்பது.

பகலில் செய்ய வேண்டியது இன்னும் பெரியது; பலர் இதை விட்டுவிடுவதால்தான் இரவு மாறுவதில்லை. மாடிப்படிக்குப் பயந்து ஏறாமல் இருக்கிறீர்கள். ஏறாத ஒவ்வொரு நாளும் உடம்பு, "ஏறாததால்தான் பிழைத்தோம்" என்று எழுதிவைத்துக்கொள்கிறது. இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்த நாளை நினைத்துப் பாருங்கள்: ஆறு கரைபுரண்டு ஓடுகிற அறுப்புக்காலம், ஆசாரியர்களின் கால்கள் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் தண்ணீர் நின்றது (யோசுவா 3:15, 16). தைரியம் வந்த பிறகு ஏறலாம் என்று காத்திருந்தால் வராது. மருத்துவரிடம் "நான் படி ஏறலாமா, வேகமாக நடக்கலாமா" என்று நேராகக் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பயப்படுகிற காரியங்களைப் பத்துக்கு எத்தனை பயம் என்று மதிப்பெண் போட்டு எழுதுங்கள். உதாரணமாக, பத்துப் படி ஏறுவது மூன்று. ஒரு மாடி ஐந்து. வேகமாக இரண்டு மாடி ஏழு. கணவர் ஊரில் இல்லாத இரவு தனியாகப் படுப்பது பத்து. மூன்றிலிருந்து தொடங்குங்கள். ஏறி முடித்ததும் நாடி பிடித்துப் பார்க்காமல், பயம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே உட்காருங்கள். நெஞ்சு துடிப்பதை விரட்டாதீர்கள். படி ஏறினால் துடிக்கத்தான் வேண்டும். தினமும் செய்து, ஒரு படி சலிப்பாகிற அளவுக்கு வந்ததும் அடுத்ததுக்குப் போங்கள். ஏழுக்கு ஒரே தாவலாகத் தாவி, பயந்து பாதியில் ஓடிவருவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி ஆனால் ஒரு படி கீழே இறங்கித் தொடருங்கள்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் ஐந்து மணிபோல, பதினைந்து நிமிடம், படுக்கையறைக்கு வெளியே. பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களைத் "தெரியப்படுத்துங்கள்" என்கிறது. ஆகவே பொதுவாக "பயத்தை எடுத்துப்போடும்" என்று முடித்துவிடாமல், எது எது என்று எழுதுங்கள்: "நான் இறந்தால் சின்னவளை யார் பார்ப்பார்கள்." ஒவ்வொன்றுக்கும் எதிரே, நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாள் குறித்துச் செய்யுங்கள். வங்கிக் கணக்கில் நாமினி பெயர், காப்பீட்டுப் பத்திரம் இருக்கும் இடம், பிள்ளைகளைப் பற்றிக் கணவரிடமும் அக்கா தங்கையிடமும் ஒரு பேச்சு. ஒரு மதியத்தில் முடிகிற வேலை. என்னால் ஒன்றும் செய்ய முடியாதது என்றால் அதை அவர்மேல் வையுங்கள். அதே வசனம் "ஸ்தோத்திரத்தோடே" என்றும் சொல்கிறது. அன்றைய நன்மை மூன்றைப் பெயர் சொல்லி எழுதி முடியுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் இன்னொரு விதமாக எழுதுங்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று முறையிடுகிறான், அடுத்த இரண்டில் கேட்கிறான், கடைசி இரண்டில் கிருபையை நம்பிப் பாடுகிறான். அதே அச்சில் உங்கள் சொந்த வார்த்தைகளில் ஆறு வரி எழுதுங்கள். முறையீட்டைத் தாண்டி உடனே ஸ்தோத்திரத்துக்கு ஓடாதீர்கள். உங்கள் கடிதத்தில் பயத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அழுதீர்களா? "பரலோகத்தில் இருக்கிறார், அழக் கூடாது" என்று யாராவது தடுத்திருந்தால் அது தவறான ஆலோசனை. இறந்துபோன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கமே வேண்டாம் என்று எழுதவில்லை. அழாத துக்கம் இரவில் வேறு வேஷத்தில் வந்து கதவைத் தட்டுவதுண்டு. அப்பாவின் புகைப்படத்தை எடுத்து வைத்து, அவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள்.

மருந்து பற்றி. அப்போஸ்தலர் 27-ஐ ஒரு முறை முழுதாக வாசியுங்கள். கப்பலில் 276 பேர், பதினான்கு நாள் புயல். "பவுலே, பயப்படாதே" என்று தேவதூதன் சொல்லி, ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் கப்பலாட்கள் ஆழம் பார்க்கிறார்கள், இருபது பாகம், பிறகு பதினைந்து பாகம். நான்கு நங்கூரம் போடுகிறார்கள். அவர்கள் படகில் ஏறி ஓடப் பார்த்தபோது பவுல், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே, வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்கிறார். விடியும் நேரத்தில் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, தானும் அப்பத்தை எடுத்து ஸ்தோத்தரித்துச் சாப்பிட்டார். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்தபோதும் கர்த்தர் முதலில் அனுப்பியது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பிடவைத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடவைத்தார். பேச்சு அதற்கு நாற்பது நாள் கழித்து. அப்போஸ்தலர் 27-ஐ எழுதிய லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறார்.

ஆகவே, நான் மேலே சொன்னவற்றை நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் தெரியாவிட்டால், அல்லது இப்போதே சமைக்க, வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பார்க்க முடியாத நிலை இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மிஷனெரிகள் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் மனநோய்க்கென்றே பாகாயத்தில் தனி மையம் நடக்கிறது; கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் மனநல மருத்துவத்துக்கும் பகை என்றால் அது எப்படி இருந்திருக்கும்? பேச்சு வழியான சி.பி.டி. சிகிச்சை பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள். நான் சொன்ன படி ஏறும் முறை அதிலிருந்து வருவதுதான். மாத்திரை கொடுத்தால், எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் கொஞ்சம் கூடுதல் படபடப்பும் வரலாம். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. குணமானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அல்பிரசோலம், குளோனாசெபாம் போன்றவை உடனே அமைதி தரும், ஆனால் பழக்கமாகிவிடும். மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் கூடாது, தெரிந்தவர் கொடுத்தார் என்றோ மருந்துக்கடையில் கேட்டு வாங்கியோ போடவே கூடாது.

மரணத்தைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படி வாக்களிக்க எனக்கு அதிகாரம் இல்லை, வேதமும் அப்படி வாக்களிக்கவில்லை. ராஜாவின் சிலையை வணங்க மறுத்து நெருப்புச் சூளைக்கு முன்னால் நின்ற மூவரும், தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள். அடுத்த மூச்சிலேயே "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள் (தானியேல் 3:18). புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனம் வருவது அபூர்வம், ஆனால் பயத்தின் அடிவேரைத் தொடுவது இதுதான். நாம் சாகமாட்டோம் என்று நம்பியிருக்கும்வரை ஒவ்வொரு படபடப்பும் நம்பிக்கைக்கு ஆபத்து. சாவு வந்தாலும் அவரிடமிருந்து பிரிய முடியாது என்று நம்பும்போது படபடப்பு வெறும் படபடப்பாகிறது. ரோமர் 8:38, 39-இல் நம்மைப் பிரிக்க முடியாதவைகளைப் பவுல் வரிசைப்படுத்துகிறார். வரிசையில் முதலில் நிற்பது மரணம். "மரணமானாலும்" என்றுதான் தொடங்குகிறார். அந்த இரண்டு வசனங்களையும் இந்த மாதம் மனப்பாடம் செய்யுங்கள், பகலில், அமைதியாக இருக்கும்போது. இரவுக்கு "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" (சங்கீதம் 121:3) என்பதும் 4:8-உம் போதும்.

சபையை விட்டுவிடாதீர்கள். ஆனால் இதை எல்லாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஆண்டவரே மூன்று பேரைத்தான் கூட்டிக்கொண்டு போனார். நிதானமான, இரகசியம் காக்கிற இரண்டு சகோதரிகளைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு முறை உட்கார்ந்து ஜெபிக்கக் கேளுங்கள். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று விரும்பினால் யாக்கோபு 5:14-இன்படி அழையுங்கள். மருந்தை நிறுத்து என்று அந்த வசனத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. போதகரிடம் பேசும்போது வாதாட வேண்டாம். "ஐயா, டாக்டரையும் பார்க்கிறேன், ஜெபமும் வேண்டும். எனக்காக ஜெபியுங்கள். மாத்திரையைப் பற்றி டாக்டர் சொல்வதைக் கேட்கிறேன்" என்று மரியாதையோடு சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். நாட்கணக்கில் உபவாசம் இருக்கச் சொன்னால் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். வெறும் வயிறும் தூக்கமின்மையும் இந்த நோயைக் கூட்டிவிடும். முழு இரவு ஜெபத்துக்கும் இதுதான் பதில்.

ஒரே சீராகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வாரம் நன்றாகத் தூங்கிவிட்டு, அப்பாவின் நினைவு நாளை ஒட்டியோ, காய்ச்சல் வந்தபோதோ, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலோ மறுபடியும் ஒரு அலை வரலாம். பழையபடி ஆகிவிட்டது என்று எண்ணாமல் அன்றைக்கே மூச்சிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு சிறிய நோட்டில் தேதி, எத்தனை நிமிடம், பத்துக்கு எத்தனை என்று மட்டும் குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை திருப்பிப் பார்த்தால் போதும். எப்போதாவது வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அதை வைத்துக்கொண்டு தனியாக விடியலுக்குக் காத்திருக்க வேண்டாம். கணவரை எழுப்புங்கள், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.